பின்கோடு பட்டியலில் ஓர் எண்ணைத் தேடுதல்: நேரியல், இருமம், ஹாஷ், பிட் அணி – எதை எப்போது தேர்ந்தெடுப்பது?

இணையத்தில் பொருள் விற்கும் ஒரு கடையின் படிவத்தில் வாடிக்கையாளர் ஆறு இலக்கப் பின்கோட்டைத் தட்டச்சு செய்கிறார். அப்படி ஓர் எண் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை நிரல் உடனே சொல்ல வேண்டும். நிரலாக்கம் கற்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே எதிர்ப்படும் கணக்குதான் இது: ஓர் அணியும் ஓர் எண்ணும் கொடுக்கப்பட்டுள்ளன, அந்த எண் அணியில் உள்ளதா, உள்ளதென்றால் எந்த இடத்தில்? வகுப்பில் இதற்கு நேரியல் தேடல், இருமத் தேடல் என இரண்டு விடைகளைச் சொல்லித் தந்து, பின்னது வேகமானது என்று முடித்துவிடுவார்கள். நடைமுறையில் அந்த முடிவு பல நேரங்களில் பொருந்துவதில்லை. ஒருமுறை நினைவகத்தில் ஏற்றிய பட்டியலில் எத்தனை தடவை தேடப்போகிறோம், அதனிடம் எந்த வகைக் கேள்வியைக் கேட்கப்போகிறோம் என்ற இரண்டும் தெரியாமல் தேடும் நெறிமுறையை (அல்காரிதத்தை) தேர்ந்தெடுக்க முடியாது. அணியின் நீளம் இவற்றுக்குப் பிறகே கணக்கில் வரும்.

முதலில் தரவைப் பார்ப்போம். இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் இரண்டு இலக்கங்கள் துணை மண்டலத்தையும், முதல் மூன்று சேர்ந்து அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. 1 முதல் 8 வரையிலான தொடக்க இலக்கங்கள் நிலப்பகுதிகளுக்கு உரியவை. 9 இராணுவ அஞ்சலுக்கு உரியது. வெவ்வேறான எண்கள் என்று எண்ணினால் ஏறத்தாழ 19,000 தேறும். அஞ்சலகங்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதாவது ஒரே எண்ணைப் பல கிளை அஞ்சலகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே நம் கையில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு அணிகள்: திரும்ப வராத 19,000 எண்களைக் கொண்ட குறுகிய அணி ஒன்று, அஞ்சலகத்துக்கு ஒரு வரி வீதம் எண்கள் திரும்பத் திரும்ப வரும் நீண்ட அணி மற்றொன்று. பின்னால் வரும் ஒப்பீட்டில் இந்த வேறுபாடு பெரிதாக உதவும்.

நேரியல் தேடலை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு நியாயம் குறைவு. முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போவதற்கு அணி வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டியதில்லை, கூடுதல் நினைவகம் வேண்டாம், பிழை நுழைய இடமும் ஏறக்குறைய இல்லை. எண்ணுக்கு 4 பைட் வீதம் 19,000 எண்களும் 76,000 பைட்டில் அடங்கிவிடுகின்றன. இன்றைய பெரும்பாலான செயலிகள் நினைவகத்தை 64 பைட் கொண்ட கேஷ் (செயலிக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) வரிகளாகவே எடுத்து வருவதால், ஒரு வரியில் 16 எண்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. அடுத்து எந்த வரி தேவைப்படும் என்பதையும் செயலி முன்கூட்டியே ஊகித்து எடுத்து வைத்துக்கொள்கிறது. இருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 9,500 ஒப்பீடுகள், இல்லாத எண்ணென்றால் முழுதாக 19,000. சி போன்ற மொழியில் இது மைக்ரோ வினாடிகளில் முடியும் வேலை. பைத்தானில் கூட ஒரு மில்லி வினாடியைத் தாண்டாது. நிமிடத்துக்கு ஓர் ஆர்டர் வரும் கடைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நகருக்குள் மட்டும் பட்டுவாடா செய்யும் கடையின் பட்டியலில் முப்பது, நாற்பது எண்கள்தாம் இருக்குமென்றால், மற்ற நெறிமுறைகளைப் பற்றிய பேச்சே வீண்.

நிலைமை மாறுவது தேடல்களின் எண்ணிக்கை பெருகும்போதுதான். பழைய வாடிக்கையாளர் கோப்பில் உள்ள 10 லட்சம் முகவரிகளையும் ஒரே மூச்சில் சரிபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரியல் தேடலுக்கு ஏறத்தாழ 950 கோடி ஒப்பீடுகள் ஆகும். வரிசைப்படுத்தப்பட்ட அணியில் நடு உறுப்போடு ஒப்பிட்டு ஒவ்வொரு தடவையும் பாதியைக் கழித்துவிடும் இருமத் தேடலுக்கு, எண்ணுக்கு அதிகபட்சம் 15 வீதம் ஒன்றரைக் கோடி போதும். எனினும் வரிசைப்படுத்தும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உறுப்புகளின் எண்ணிக்கையை அதன் இரண்டடிமான மடக்கையால் (ஒன்றாகும் வரை எத்தனை தடவை பாதியாக்கலாம் என்ற எண்ணால்) பெருக்கினால் கிடைக்கும் தோராயமான செலவு, 19,000 எண்களுக்கு 2,70,000 ஒப்பீடுகள். ஒவ்வொரு தேடலிலும் மிச்சமாவது சுமார் 9,500 என்பதால், 29ஆவது தேடலிலேயே வரிசைப்படுத்திய செலவு ஈடாகிவிடுகிறது. பொதுவாகச் சொன்னால், ஈடுகட்டும் புள்ளி மடக்கையின் இரு மடங்கு: 10 லட்சம் உறுப்புகள் உள்ள அணிக்கும் அது 40 தேடல்களுக்கு மேல் போவதில்லை. அணி எவ்வளவு பெரிதானாலும் இந்த எண் மிக மெதுவாகவே வளர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓரிரு தடவை தேடுவதற்காக ஓர் அணியை வரிசைப்படுத்துவது வீண்வேலை. நூறு தடவை தேட வேண்டிய அணியை வரிசைப்படுத்தாமல் விடுவதும் அப்படியே. கோப்பு ஏற்கெனவே வரிசையாக வந்தால் ஈடுகட்ட வேண்டிய செலவே இல்லை. பைத்தானின் வரிசைப்படுத்தும் முறையான டிம்சார்ட், வரிசையாக உள்ள அணியை ஒரே நடையில் கண்டுகொண்டு நிறுத்திவிடும்.

இருமத் தேடலின் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது: அதைச் சரியாக எழுதுவது கடினம். கணினிகளுக்கான இந்த முறையை ஜான் மாக்லி 1946-இலேயே விளக்கிவிட்டார்; ஆனால் எந்த நீளமுள்ள அணிக்கும் சரியாக இயங்கும் வடிவம் அச்சில் வர 1960 ஆயிற்று. அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. ஜாவாவின் நிலையான நூலகத்தில் இருந்த இருமத் தேடலில் ஒரு பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஒளிந்திருந்ததை ஜோஷுவா பிளாக் 2006-இல் வெளிப்படுத்தினார். தேடும் பகுதியின் தொடக்கச் சுட்டெண்ணையும் (உறுப்பின் இட எண்) முடிவுச் சுட்டெண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கும் எளிய வரிதான் குற்றவாளி. கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் எல்லையைத் தாண்டினால் அது எதிர்மறை எண்ணாகிவிடும். நடு = தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) / 2 என்று எழுதினால் தீர்ந்தது. 107 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் உள்ள அணியில்தான் அந்தப் பிழை வெளிப்படும் என்பதால் பின்கோட்டுக்கு இது பொருந்தாது என்று தோன்றலாம். முழு எண் 16 பிட் மட்டுமே கொண்ட டர்போ சி-யில் நம் கல்லூரிகளில் பயின்றவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 18,999, 18,998 ஆகிய இரு சுட்டெண்களின் கூட்டுத்தொகை 37,997; அங்கே எல்லையோ 32,767.

எனவே என் பரிந்துரை, இருமத் தேடலைக் கையால் எழுதாதீர்கள் என்பது. பைத்தானில் பைசெக்ட் தொகுதி இருக்கிறது, சி++ மொழியில் கீழ் எல்லையைத் தரும் செயற்கூறு இருக்கிறது, ஜாவாவிலும் சி-யிலும் ஆயத்த வடிவங்கள் உண்டு. ஆனால் நூலகத்தை நம்பும்போதும் அது எதைத் திருப்பித் தருகிறது என்பதைப் படித்துவிட வேண்டும். 600001 என்ற எண் பல வரிகளில் வரும் நீண்ட அணியில், ஜாவாவின் செயற்கூறு அவற்றுள் எந்த வரியைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லையென்று அதன் ஆவணமே சொல்கிறது. பைசெக்டின் இடப்பக்க வடிவமும் சி++ மொழியின் கீழ் எல்லையும் அப்படியல்ல. தேடும் எண்ணுக்குக் குறையாத முதல் உறுப்பின் இடத்தை அவை உறுதியாகத் தருகின்றன. 600001-க்கு ஒரு தடவையும் 600002-க்கு ஒரு தடவையும் அப்படிக் கேட்டு, முதல் இடத்தை இரண்டாவதிலிருந்து கழித்தால் அந்தப் பின்கோட்டில் எத்தனை அஞ்சலகங்கள் என்பது கிடைத்துவிடும். ‘இருக்கிறதா’ என்ற கேள்விக்கு மட்டும் இருமத் தேடலைப் பயன்படுத்துவது அதன் திறனில் பாதியைக் கூடத் தொடாததற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

வரிசை தரும் இன்னொரு வசதி, இடைவெளிக் கேள்விகள். மதுரை, தேனி வட்டாரத்து எண்கள் 625 என்று தொடங்குகின்றன. 625000-க்கும் 626000-க்கும் இடைப்பட்டவை அனைத்தையும் எடுக்க இரண்டு தேடல்கள் போதும். ஆனால் எண்ணின் இடைவெளியை மாநில எல்லையாக எடுத்துக்கொள்வது ஆபத்தானது. புதுச்சேரி நகரம் 605001. அதே 605-இல் தமிழ்நாட்டின் விழுப்புரமும் இருக்கிறது. அதே ஒன்றியப் பகுதியின் மாஹே 673310 என்று கேரளத்து எண்களுக்கு நடுவிலும், யானம் 533464 என்று ஆந்திரத்து எண்களுக்கு நடுவிலும் கிடக்கின்றன. வரி விகிதத்தையோ பட்டுவாடாக் கட்டணத்தையோ மாநில வாரியாக முடிவு செய்யும் நிரல், இடைவெளியைப் பார்க்காமல் நீண்ட அணியில் உள்ள மாநிலப் பெயரையே பார்க்க வேண்டும்.

ஹாஷ் அட்டவணை இந்த வரிசையை முற்றிலும் கைவிட்டு, அதற்குப் பதிலாக வேகத்தை வாங்குகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் முன்வைத்த இந்த எண்ணம், எண்ணிலிருந்தே அது இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டுவிடுவதால், பட்டியல் எவ்வளவு நீண்டாலும் சராசரியாக ஒன்றிரண்டு பார்வைகளில் விடை கிடைக்கிறது. பைத்தானில் பட்டியலை, ஹாஷ் அட்டவணையால் அமைந்த தொகுப்பான செட்டாக மாற்றும் ஒரே வரி போதும் என்பதால் பெரும்பாலோர் முதலில் நாடுவது இதைத்தான். ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதற்கு மேல் எதுவும் கேட்கப்போவதில்லை என்றால் அது தவறான தேர்வும் அல்ல. நினைவகத்தில்தான் அதற்கு விலை கொடுக்கிறோம். 19,000 எண்களைக் கொண்ட செட்டின் அட்டவணை மட்டும் ஏறத்தாழ அரை மெகாபைட். அதில் உள்ள ஒவ்வொரு முழு எண்ணும் தனிப் பொருளாக 28 பைட் எடுத்துக்கொள்வதால் இன்னோர் அரை மெகாபைட். நெருக்கமாக அடுக்கிய அணியின் 76,000 பைட்டோடு ஒப்பிட்டால் பதின்மடங்குக்கும் மேல். மடிக்கணினியிலோ சேவையகத்திலோ இதை யாரும் பொருட்படுத்தப்போவதில்லை. சிறிய கருவிகளில் பொருட்படுத்தித்தான் ஆக வேண்டும்.

ஹாஷ் அட்டவணைக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு குறை, வேண்டுமென்றே ஒரே இடத்தில் மோதும் திறவுகோல்களை (அட்டவணையில் சேர்க்கும் மதிப்புகளை) அனுப்பி அதை நேரியல் தேடலின் நிலைக்கு இறக்கிவிடலாம் என்பது. இத்தகைய தாக்குதலை ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் 2003-இல் விளக்கினர், பைத்தான் 3.3 முதல் சரங்களுக்கான (எழுத்துத் தொடர்களுக்கான) ஹாஷ் மதிப்பு ஒவ்வொரு இயக்கத்திலும் மாறும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டது. ஆனால் நம் அட்டவணையில் இருப்பவை நாமே ஏற்றிய எண்கள். வெளியார் கேள்வி கேட்கலாமே தவிர உள்ளே எதையும் சேர்க்க முடியாது. ஆகவே இந்த அச்சத்தை இங்கே ஒதுக்கிவிடலாம்.

இதுவரை சொன்ன மூன்றுமே எந்த எண்ணுக்கும் பொருந்தும் பொது முறைகள். பின்கோடு அப்படிப்பட்ட எண் அல்ல. 100000-க்கும் 999999-க்கும் இடைப்பட்ட 9,00,000 மதிப்புகளில் ஒன்றுதான் அது. எண் ஒன்றுக்கு ஒரு பிட் ஒதுக்கி, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று குறித்துவிட்டால் மொத்தம் 1,12,500 பைட். வரிசைப்படுத்திய அணியைவிடச் சற்றே பெரிது, செட்டைவிட மிகச் சிறிது. தேடல் என்பது எண்ணிலிருந்து 100000-ஐக் கழிப்பது, எட்டால் வகுத்து ஈவைப் பைட்டாகவும் மீதியைப் பிட்டாகவும் கொண்டு பார்ப்பது, அவ்வளவே. மோதல் இல்லை, ஒப்பீடுகளின் தொடர் இல்லை. செட்டை நாடும் பலருக்கு இந்த வழி நினைவுக்கே வருவதில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் இந்தக் கேள்விக்கு இதைவிட நேரான விடை இல்லை. ஓர் எச்சரிக்கை மட்டும்: கழிப்பதற்கு முன் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வாடிக்கையாளர் 99999 என்று ஐந்து இலக்கத்தோடு நிறுத்திவிட்டால் கழித்த விடை −1. பைத்தானில் எதிர்மறைச் சுட்டெண் கடைசியிலிருந்து எண்ணப்படும் என்பதால், பிழையேதும் காட்டாமல் அணியின் கடைசி உறுப்பின் விடையைத் தந்துவிடும்.

மௌனமாகத் தவறும் இந்தத் தன்மை நான்கு முறைகளிலும் ஒன்றுபோல் இல்லை. வேக வேறுபாட்டைக் காட்டிலும் இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். மக்கள் பின்கோட்டை 600 001 என்று நடுவில் இடைவெளி விட்டும் எழுதுவார்கள். படிவத்திலிருந்து அது சரமாகவே வரும். சரத்தை எண்ணாக மாற்ற மறந்துவிட்டால், பைத்தானில் நேரியல் தேடலும் செட்டும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சரியான முகவரி கொடுத்த வாடிக்கையாளர் திருப்பி அனுப்பப்படுவார், பதிவேட்டில் ஒரு தடயமும் இருக்காது. பைசெக்டோ சரத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று அங்கேயே பிழை எழுப்பி நின்றுவிடும். பிட் அணியும் அவ்வாறே. மறுபுறம், வரிசைப்படுத்தாத அணியை இருமத் தேடலிடம் கொடுத்தால் அது எந்தப் புகாரும் செய்யாது. புதிதாக வந்த ஓர் எண்ணை யாரோ கோப்பின் இறுதியில் சேர்த்துவிட்டுப் போனால், அந்த எண் மட்டும் அகப்படாது, மற்றவை பெரும்பாலும் அகப்படும். சோதனையில் பிடிபடாத வகைப் பிழை இது. ஆகவே கோப்பை ஏற்றும் இடத்தில் அடுத்தடுத்த இரு உறுப்புகளை ஒப்பிட்டு வரிசையை உறுதி செய்யும் ஒரு சுற்றை வைத்துவிடுவது நல்லது. 19,000 ஒப்பீடுகளுக்கு மேல் அதற்கு ஆகாது.

நொடிக்கு நொடி மாறும் பட்டியலென்றால் வரிசைப்படுத்திய அணி தொல்லைதான்: நடுவில் ஒன்றைச் செருகச் சராசரியாகப் பாதி உறுப்புகளை நகர்த்த வேண்டியிருக்கும். பின்கோடு பட்டியல் அவ்வாறு மாறுவதில்லை; மாறினாலும் 38,000 பைட்டை நகர்த்துவது ஒரு பொருட்டல்ல. மதிப்பை வைத்து இடத்தை ஊகிக்கும் இடைச்செருகல் தேடலையும் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். 1957-இல் டபிள்யூ. டபிள்யூ. பீட்டர்சன் விளக்கிய அந்த முறை எண்கள் சீராகப் பரவியிருந்தால்தான் சிறக்கும். பின்கோடுகளோ சில இடங்களில் நெருங்கியும், சில இடங்களில் நீண்ட வெற்றிடம் விட்டும் இருக்கின்றன.

அந்த 10 லட்சம் முகவரிகளுக்கே திரும்பினால், அவை ஏற்கெனவே பின்கோடு வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருக்கும் நிலையில் தேடலே தேவையில்லை. இரு பட்டியல்களின் தலையிலும் ஒவ்வொரு சுட்டியை வைத்து, சிறியதை முன்னகர்த்திக்கொண்டே போனால் 10,19,000 அடிகளுக்குள் இரண்டும் முடிந்துவிடும். கூரியர் நிறுவனத்தின் இரவு நேரத் தொகுப்பு வேலைக்கு இதுவே ஏற்றது. படிவத்தில் உடனடிச் சரிபார்ப்புக்கு நான் தேர்ந்தெடுப்பது பிட் அணி. எண் சரியென்று தெரிந்த பின் அஞ்சலகப் பெயர், மாவட்டம், மாநிலம் ஆகியவற்றைக் காட்ட, வரிசைப்படுத்திய நீண்ட அணியில் கீழ் எல்லைத் தேடல். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. பிட் அணி அந்த நீண்ட அணியிலிருந்தே ஒரு சுற்றில் உருவாகிவிடும்.

இந்தத் தேர்வு பின்கோட்டுக்கு மட்டுமே உரியது. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணுக்குப் பிட் அணி வைத்தால் 1,000 கோடி பிட், அதாவது 125 கோடி பைட். அங்கே செட்டே சரி. அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின் இன்னும் சுவையான வழக்கு. 16 குறிகளுள் பத்தைக் கோத்து, ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் அது ஒரு குறியீடு தருகிறது. மொத்தச் சாத்தியங்கள் சுமார் 1.1 லட்சம் கோடி, பிட் அணிக்கு 137 ஜிகாபைட் வேண்டும். ஆனால் ஒரு குறியீட்டை 40 பிட், அதாவது 5 பைட்டில் அடக்கிவிடலாம். ஒரு கோடி முகவரிகளின் குறியீடுகளை வரிசைப்படுத்தி 5 கோடி பைட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குறியும் முந்தைய கட்டத்தைப் பதினாறாகப் பிரிப்பதால், முதல் ஆறு குறிகள் ஒன்றாக உள்ளவை எல்லாம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரே கட்டத்தில் இருக்கின்றன. வரிசையில் அவை அடுத்தடுத்து நிற்கின்றன. ‘இந்த வீட்டுக்கு அருகில் எத்தனை வாடிக்கையாளர்கள்’ என்ற கேள்விக்கு, கட்டத்தின் விளிம்பில் உள்ள வீடுகளுக்காகச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்துக்கொண்டால், 18 இருமத் தேடல்கள், அதிகபட்சம் 432 ஒப்பீடுகள். ஹாஷ் அட்டவணையிலும் இதைச் செய்யலாம், ஆனால் ஆறு குறிகளுக்கு ஓர் அட்டவணை, ஏழு குறிகளுக்கு மற்றொன்று என்று கேள்வியின் நெருக்கம் மாறும்போதெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். வரிசைப்படுத்திய அணியில் மாறுவது இரு எல்லைகளின் மதிப்பு மட்டுமே.